குடிக்க நல்ல தண்ணீர், வாழ நல்ல தண்ணீரா?

கடல் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் கடைக்குப் போனால் என்ன கேட்பார்? தொட்டி எத்தனை அடி, லைட் என்ன விலை, எந்த ஃபில்டர் நல்லது, "நீமோ" ஜோடி எவ்வளவு... எல்லாம் கேட்பார். எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று மட்டும் கேட்க மாட்டார். தண்ணீர்தானே, அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே!

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீனை உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரியும். குழந்தை கேட்கிறது, அப்பா வாங்குகிறார். தங்கமீன் வளர்த்த அனுபவம் இருக்கிறது, உப்புப் பாக்கெட்டும் கடையிலேயே கிடைக்கிறது. அப்புறம் என்ன கஷ்டம் என்று தோன்றுவது இயல்புதான்.

கஷ்டம் தண்ணீரில் இருக்கிறது. கடல் மீன்தொட்டியில் முதல் செலவு தண்ணீருக்குத்தான் ஆக வேண்டும். கண்ணாடி, லைட், மீன் எல்லாம் அதற்குப் பிறகு. தண்ணீருக்குச் செலவு செய்ய மனமில்லாதவர் நன்னீர்த் தொட்டியோடு நிற்பதே நியாயம். கேட்க கறாராக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கஷ்டம்.

போவது தண்ணீர், தங்குவது மற்றதெல்லாம்

200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னை வெயிலில், மேலே லைட்டும் மின்விசிறியும் ஓடும்போது தினமும் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத் தினமும் ஊற்றியாக வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போகும்.

தினம் 2 லிட்டர் என்றால் வருடத்துக்கு 730 லிட்டர். அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்!

ஊற்றிய 730 லிட்டரும் ஆவியாகிவிடுகிறது. அதில் கரைந்திருந்தது எங்கே போகும்? எங்கேயும் போகாது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள் உள்ள தண்ணீர் என்றால், ஒரு வருடத்தில் 219 கிராம் தொட்டிக்குள் சேர்கிறது. அது கால்சியமும் மக்னீசியமும் என்றால் பெரிய பாதகமில்லை, கடலிலேயே இருப்பவைதான். நைட்ரேட் என்றால்? லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள போர்வெல் தண்ணீரை வருடம் முழுக்க ஊற்றினால் 14.6 கிராம் சேரும். அதை 200 லிட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 73 மில்லிகிராம். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் தனி.

இத்தனைக்கும் அந்தப் போர்வெல் தண்ணீரில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்கலாம், தவறே இல்லை. குடித்த தண்ணீர் உடம்பில் ஒரு வருடம் தேங்கி நிற்பதில்லையே! தொட்டியில் தேங்கி நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

செம்பு என்னும் வில்லன்

நைட்ரேட்டாவது பாசியை வளர்த்து "நான் இருக்கிறேன்" என்று காட்டிக்கொடுக்கும். செம்பு சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கும்.

இறால், நண்டு, நத்தை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி என்று முதுகெலும்பில்லாத எந்தக் கடல் உயிருக்கும் செம்பு ஆகாது. திறந்த கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் செம்பு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் விட்டு, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு கலந்து வைத்தியம் பார்ப்பது பழைய முறை. நோய்க் கிருமியைக் கொல்லும் இந்த அளவு, அதே தொட்டியில் இறால் இருந்தால் அதையும் கொன்றுவிடும். தனித் தொட்டியில் விடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது மறுபடி கணக்கு. ஐ.எஸ். 10500-ன் 2012 பதிப்பில் குடிநீரில் செம்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். கடுமையான அந்த 0.05-ஐயே எடுத்துக்கொள்வோம். 730 லிட்டரில் 36.5 மில்லிகிராம். 200 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம்!

குடிநீர்த் தரத்தை நூற்றுக்கு நூறு பூர்த்தி செய்த தண்ணீர், ஒரே வருடத்தில் மருந்து அளவுக்கு வந்துவிட்டது. இதில் ஒரு பங்கு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ளும், ஒரு பங்கு வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது வெளியேறும். நிஜத்தில் எண் குறையும் என்பது சரிதான். ஆனால் திசை மாறாது. "ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு எல்லாம் செத்துப்போச்சு" என்று புலம்புகிறவர்கள் அந்த "திடீர்" எத்தனை மாதமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது என்று யோசிப்பதில்லை.

கையில் கிடைக்கும் தண்ணீர்கள்

சரி, சென்னை வீடு ஒன்றில் என்னென்ன தண்ணீர் கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*குழாய்த் தண்ணீர்:* புழல், செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகள், வீராணம், கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று சென்னைக்குப் பல வழிகளில் தண்ணீர் வருகிறது. எந்த மாதம் எந்தப் பகுதிக்கு எது எவ்வளவு வரும் என்பது மழையைப் பொறுத்தது. இன்று சோதித்த எண் அடுத்த மாதம் இருக்காது. கூடவே குளோரின். குளோரினை நீக்கும் சொட்டு மருந்து குளோரினைத்தான் நீக்கும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டை ஒன்றும் செய்யாது.

*கேன் தண்ணீர்:* பலர் நம்புவது இதைத்தான். ஆர்.ஓ.வில் சுத்திகரித்ததுதானே என்பார்கள். ஆனால் கேன் தண்ணீர் விற்பது குடிப்பதற்கு. வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ருசியாக இருக்காது என்பதால் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. ஒரு நாள் வந்த கேனில் 40, மறுநாள் வந்த கேனில் 120 என்று மீட்டர் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவசரத்துக்கு ஒரு கேன் ஊற்றலாம். வருடம் முழுக்க அதை நம்பக் கூடாது.

*வீட்டு ஆர்.ஓ. இயந்திரம்:* இங்கேதான் பெரிய பொறி. இதில் இரண்டு சமாச்சாரம் கவனிக்க வேண்டும். ஒன்று, பல இயந்திரங்களில் ருசிக்காக, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு, "செம்புச் சத்து சேர்த்த தண்ணீர்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மாடல்கள். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து நம்பும் ஊர் இது. அந்த நம்பிக்கையை ஃபில்டருக்குள் அடைத்துக் கொடுத்தால் விற்கும்தான். அதே குழாயைத் திருப்பி இறால் உள்ள தொட்டியில் ஊற்றினால், காசு கொடுத்து விஷம் வாங்கியது போல.

*இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்:* கரைபொருள் இருக்காதுதான். ஆனால் அது பேட்டரிக்காகத் தயாரித்தது. எந்தப் பாத்திரத்தில், எந்தக் குழாய் வழியாக வந்தது என்பதை யாரும் உயிருக்காகக் கவனித்திருக்க மாட்டார்கள். தினம் 2 லிட்டர் வாங்கினால் கட்டுப்படியும் ஆகாது.

*ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர்:* "அதுவும் டிஸ்டில்டுதானே" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. ஏ.சி.யின் உள்ளே குளிர்விக்கும் சுருள் பெரும்பாலும் எதனால் ஆனது? செம்புக் குழாய், அலுமினியத் தகடு. பதில் சொல்லத் தேவையில்லை :-)

*கடல் தண்ணீர்:* "கடல் பக்கத்துலயே இருக்கு, ஒரு டிரம் மொண்டுட்டு வந்தா ஆச்சு" என்பது அடுத்த யோசனை. கடலோர மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன, உண்மை. ஆனால் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, கிருமி நீக்கிய பிறகு. சென்னைக் கரையில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பளவு இறங்கிவிடும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. படகில் தூரம் போய் மொண்டுவர முடிந்தவர், வடிகட்டிச் சோதிக்கத் தெரிந்தவர் செய்யலாம். மெரினாவில் குடத்தோடு இறங்குவது வேலைக்காகாது.

பிறகு எதுதான் சரி?

ஆர்.ஓ. சவ்வும், அதற்குப் பின்னால் டி.ஐ. பிசினும் சேர்ந்த இயந்திரம். கடல் மீன் வளர்ப்பவர்கள் சேர்த்து "ஆர்.ஓ.டி.ஐ." என்பார்கள்.

வேலை செய்யும் விதம் சுலபம். முதலில் தூசு, மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி. அடுத்து கார்பன், இது குளோரினைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் அடுத்து வரும் ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரித்துவிடும். சவ்வு கரைபொருளில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். மிச்சத்தை டி.ஐ. பிசின் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சைலையும் விடும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர்! புதுத் தொட்டிகளில் பழுப்பு நிறமாகப் படியும் டையாட்டம் பாசிக்குத் தீனியான சிலிகேட், சவ்வில் ஓரளவு நழுவிவிடும். அதைப் பிடிப்பதற்கும் பிசின்தான் வேண்டும்.

"அப்போ நேரா பிசின்லயே விட்டுடலாமே, ஆர்.ஓ. எதுக்கு?" என்று கேட்கலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடித்த கேள்வி இது. 300 டி.டி.எஸ். தண்ணீரை நேராக விட்டால் பிசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். சவ்வு வழியாக 10-க்கு இறக்கிவிட்டு அனுப்பினால் அதே பிசின் கிட்டத்தட்ட 30 மடங்கு தண்ணீரைத் தாங்கும். சவ்வு ஒருமுறை செய்யும் முதலீடு, பிசின் நடைமுறைச் செலவு. முதலீட்டில் மிச்சம் பிடித்தவர் நடைமுறைச் செலவில் மாட்டிக்கொள்வார்.

புது இயந்திரம் வாங்க முடியாதவருக்கும் வழி உண்டு. வீட்டு ஆர்.ஓ.வில் சவ்வை விட்டு வெளியே வரும் இடத்திலேயே, தாதுக் குப்பிக்கும் செம்புக் குப்பிக்கும் முன்னாலேயே, ஒரு கிளைக் குழாய் எடுத்து, அதில் டி.ஐ. பிசின் நிரப்பிய குப்பியை மாட்டிக்கொள்ளலாம். ஆர்.ஓ. சர்வீஸ் செய்யும் எவரும் செய்து கொடுக்கக் கூடிய வேலைதான்.

வந்த தண்ணீர் நல்லதா என்று பார்க்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிசினுக்குப் பின்னால் எண் 0 இருக்க வேண்டும், ஏறத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டும். மீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும். 50 என்று காட்டினால் அந்த ஐம்பதும் கால்சியமா நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் 50 பரவாயில்லை என்று விட முடியாது. 0 என்றால் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

அப்புறம் உப்பு. கடல் மீனுக்கென்றே விற்கும் உப்புக் கலவைதான், சமையல் உப்பு அல்ல. உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு வரும்வரை, உணவுத் தரமான பிளாஸ்டிக் டிரம்மில், சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டுக் கலக்க வேண்டும். பித்தளை அண்டா, செப்புக் குடம் பக்கமே போகக் கூடாது. எத்தனை சுத்தமான தண்ணீரும் பாத்திரத்தில் கெட்டுவிடும்.

எதிர்க் கட்சி என்ன சொல்கிறது?

"அவர் பத்து வருஷமா குழாய்த் தண்ணியிலதான் வளர்க்கிறார், ஒண்ணும் ஆகல" என்பார்கள். இருக்கலாம். அவர் வீட்டுக்கு வரும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கலாம், அவர் தொட்டியில் தாங்கும் மீன்கள் மட்டும் இருக்கலாம், வாரந்தோறும் நிறையத் தண்ணீர் மாற்றுகிறவராகவும் இருக்கலாம். ஒருவருடைய அதிர்ஷ்டம் இன்னொருவருக்குச் சூத்திரம் ஆகாது. தோற்றவர்கள் தொட்டியை விற்றுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவரின் கதைதான் எல்லோர் காதிலும் விழுகிறது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை வீணாக்கும். பல வீட்டு இயந்திரங்கள் 1 லிட்டர் கொடுக்க 3 லிட்டரை வெளியே தள்ளுகின்றன. மேலே சொன்ன தொட்டிக்குக் கணக்குப் போடுவோம். முதலில் நிரப்ப 200, ஆவியாவதற்கு 730, வாரம் 20 லிட்டர் மாற்ற 1,040. மொத்தம் முதல் வருடம் 1,970 லிட்டர். வெளியே போவது சுமார் 5,900 லிட்டர், அதாவது தினம் 16 லிட்டர், ஒரு பக்கெட். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த ஊரில் ஒரு பொழுதுபோக்குக்கு இது நியாயமா?

நியாயமான கேள்வி. கடல்நீரை ஆலையில் நல்ல தண்ணீராக்கி, குழாயில் அனுப்பி, வீட்டில் மறுபடி ஆர்.ஓ.வில் விட்டு, கடைசியில் உப்பைப் போட்டுக் கடல்நீராக்குவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது! ஆனால் இதற்கு விடை மோசமான தண்ணீரை ஊற்றுவது அல்ல. அந்த ஒரு பக்கெட்டைப் பிடித்து வைத்து வீடு துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவப் பயன்படுத்துவதுதான் விடை. அந்த வேலைகளுக்கு எப்படியும் ஒரு பக்கெட் செலவாகிறது. பிடித்து வைக்கச் சோம்பல்படுகிறவர் கடல் மீன்தொட்டிக்குத் தகுதியானவர் இல்லை. தினமும் செய்ய வேண்டிய வேலைகளில் இது சின்ன வேலை.

யாருக்கு நஷ்டம்?

தொழிலில் நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு வரும். மீன்தொட்டியில் அப்படி இல்லை. தொட்டிக்காரருக்குப் போவது பணம், தொட்டிக்குள் இருப்பதற்குப் போவது உயிர்.

வண்ணக் கடல் மீன்களில் பெரும்பாலான வகைகள் இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. கோமாளி மீனைப் பொறுத்தவரை நிலைமை தேவலாம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் ஆகியவை அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. எல்லா மீனுக்கும் அந்த வசதி வரவில்லை. தொட்டியில் ஒன்று செத்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று பவளத் திட்டிலிருந்துதான் வரும். சில உயிர்களைத் தொடவே கூடாது. கட்டிப் பவளங்களும் கடல் குதிரையும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து அலங்காரத்துக்குப் பவளக் கல் எடுப்பது குற்றம், அது செத்த கல்லாக இருந்தாலும்.

கடலில் இருக்கிற மீனுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் வேறு பக்கம் நீந்திப் போகும். தொட்டியில் நான்கு அடிக்கு மேல் எங்கே போகும்? அதன் உலகத்தில் என்ன கரைந்திருக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர், "நானே இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் குடிக்கிறார், அது அதற்குள்ளேயே வாழ்கிறது.

எனவே பட்ஜெட் போடும்போது வரிசையை மாற்றுங்கள். முதல் வரியில் ஆர்.ஓ.டி.ஐ., டி.டி.எஸ். மீட்டர், உப்பளவு பார்க்கும் கருவி, கலக்கும் டிரம். அதற்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் தொட்டியின் அளவு. கடைசி வரியில் மீன். மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் கவலை வேண்டாம். நல்ல நன்னீர்த் தொட்டியில் நான்கு கப்பி மீன் துள்ளுவதும் அழகுதான்.